ஓவர்லோடு கச்சேரிக்கு அம்மாவும் வந்தாள்

என் அருமை அப்பா,

ஓவர்லோடு மறுபடியும் மேடை ஏறிவிட்டது! இதை முதலில் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. கேசட் தேய்ந்துபோகும்வரை நீங்கள் கேட்ட அதே கோயமுத்தூர் பங்க் ராக் குழு, அதே நாலு பேர், போன ஞாயிறு சாயங்காலம் துடியலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாடினார்கள். நாலு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. பாடகரின் தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்தார்கள். மண்டபத்துக்காரர் தன் வழக்கத்தை விடவில்லை போலிருக்கிறது. பங்க் கச்சேரிக்குப் பன்னீர் தெளித்து வரவேற்பு எங்காவது உண்டா அப்பா? கறுப்பு டீசர்ட் பையன்களெல்லாம் வரிசையில் நின்று சந்தனம் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

அதைவிடப் பெரிய சேதி, அம்மாவும் வந்தாள்.

நீங்கள் போவதற்கு முந்தின நாள் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் சோமனூர் தறிக்கூடத்தில் பாட்டை அலற விட்டிருந்தீர்கள். "தறிச் சத்தம் பத்தலைன்னு இது வேறயாக்கும்? நிறுத்துங்க மொதல்ல!" என்று அம்மா கத்தினாள். எப்போதும் அம்மா சொல்லைக் கேட்காத நீங்கள் அன்றைக்கு மட்டும் சிரித்துக்கொண்டே நிறுத்தினீர்கள். மறுநாள் காலையில் நெஞ்சுவலி. "கடைசியா ஒரு பாட்டுக்கூடக் கேக்க உடாம அனுப்பிப்போட்டேனே" என்று எட்டு மாதமாக அம்மா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை.

கிளம்பும்போது அத்தை போன் செய்தார். "வருசம் திரும்பறதுக்குள்ள பாட்டுக் கச்சேரியா? பாக்கறவங்க என்ன பேசுவாங்க?" அம்மா பின்வாங்கிவிடுவாள் என்றே நினைத்தேன். "அவரு இருந்தா போயிருப்பாருங்க. அவருக்குப் பதிலா நான் போறனுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது பாட்டில் பாடகர் மேடை விளிம்பில் முதுகைக் காட்டி நின்று, அப்படியே மல்லாந்து கூட்டத்தின்மேல் விழுந்தார். பையன்கள் கைகளில் ஏந்திக்கொண்டார்கள். நீங்கள் எத்தனை தடவை வர்ணித்திருக்கிறீர்கள்! அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்காதது என் தப்புதான்.

"அய்யோ, மயங்கிட்டாரு!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். "தள்ளுங்க சாமி, காத்து வரட்டும்! கீழே படுக்க வைங்க கண்ணு!"

நம்ம ஊர்ப் பையன்கள் ஆயிற்றே! தலைமுடியை எப்படி நிறுத்தியிருந்தால் என்ன, ஓர் அம்மா சொன்னால் தட்டுவார்களா? "சரிங்கம்மா" என்று பாடகரைப் பதமாக இறக்கித் தரையில் படுக்க வைத்துவிட்டு, வட்டமாக விலகி நின்றார்கள். அம்மா பாட்டில் தண்ணீரை அவர் முகத்தில் அடித்து, முந்தானையால் விசிறத் தொடங்கினாள். அவர் கண்ணைத் திறந்து, "ஏனுங்க்கா, நான் நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றார். மண்டபமே சிரித்தது. அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, "எங்க பாட்டுக் கேப்பீங்களாக்கா?" என்று மைக்கை நீட்டினார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு உங்க பாட்டுன்னா உசுருங்க. எட்டு மாசமாச்சு, போயிட்டாருங்க. முந்தின நாள் பாட்டை நிறுத்தச் சொன்னது நாந்தேன். இன்னிக்கு நிறுத்தாம பாடுங்க. நின்னு முழுசாக் கேக்கோணும்."

பாடகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு சத்தமா வேணுங்க்கா?"

"சோமனூர் வரைக்கும் கேக்கோணுமுங்க."

அடேயப்பா, என்ன சத்தம்! அம்மா காதைப் பொத்தவே இல்லை. முதலில் தலையை ஆட்டினாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தாள் அப்பா, குதித்தாள்! ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி ஆடிய பையன்கள், "பாத்துங்கம்மா, கால் மிதிபடப் போகுது" என்று அவளுக்கு மட்டும் இடம் விட்டார்கள். எட்டு மாதமாகக் கத்தாததையெல்லாம் நானும் சேர்த்துக் கத்தினேன். உங்களை நினைத்தபோதுகூடச் சிரிப்புத்தான் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அழுதாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க, நன்றாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தாளு இருந்தா நாளைக்கும் நிறுத்தச் சொல்லித்தான் கத்துவேன் கண்ணு. கத்தாம அவரோட எப்படிக் குடித்தனம் பண்றது?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

உங்கள் வருஷத் திதி அன்று படையல் போட்டு முடித்ததும் ஓவர்லோடு பாட்டைத்தான் போடப்போகிறேன். அம்மா வந்து நிறுத்தச் சொல்லிக் கத்துவாள். நான் நிறுத்த மாட்டேன் அப்பா, இது சத்தியம்.

இன்னும் தொண்டை கட்டியிருக்கும் உங்கள் மகள்,
செல்வி