மாமரத்தடி மேடு

ஐப்பசி, புதன்கிழமை

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய தோட்டத்தின் படத்தை இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். பங்களா, கிணறு, மாந்தோப்பு, தென்னை வரிசை எல்லாவற்றையும் மேலிருந்து பார்ப்பதுபோல வாட்டர்கலரில் வரைந்திருந்தேன். தோட்டத்துக்காரருக்குப் பிடித்திருந்தது, மாமரத்தடியில் இருந்த சின்ன மண்மேட்டைப் பார்க்கும்வரை.

அவர்களுடைய முதல் குழந்தையைப் புதைத்த இடம் அது. அளவெடுக்கப் போன அன்று அவர் மனைவிதான் என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

“ஹால்ல மாட்டறதுங்க. வாரவங்க போறவங்க எல்லாம் என்னன்னு கேப்பாங்க. பச்சையடிச்சு உட்டுருங்க” என்றார் தோட்டத்துக்காரர்.

“அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க” என்றார் மனைவி. அவர் காதில் வாங்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கலர்ப் பெட்டியைத் திறந்தேன். அந்த அம்மா உள்ளே டீ போடப் போய்விட்டார்.

வாட்டர்கலரில் மேலே பூசினால் அடியில் இருப்பது தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் ஈர ஸ்பாஞ்சால் மேட்டை ஒற்றி ஒற்றி எடுத்தேன். தாள் வெளுத்த பிறகுதான் புல்லை வரைந்தேன்.

கணவர் போன் பேச வெளியே போனதும் அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“அடியில இருக்குதில்லீங்க, சாமி?”

“இருக்குதுங்கம்மா” என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் அந்த இடத்தை விரலால் மெல்லத் தொட்டார். விரலில் ஒட்டிய பச்சையைத் துடைக்காமலே என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார்.