எண்ணாமல் விட்ட கைகள்

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பானுவுக்கு,

யோகலட்சுமி எழுதுகிறேன். நீயும் பிள்ளை அப்ராவும் திருப்பூரில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பிளாக் பண்ணியிருக்கிறாய். இருக்கட்டும், கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. நம் தெரு நியாஸ் அகமது லாரியில் லோடு ஏற்ற திருப்பூர் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தை பிளாக் பண்ண முடியாது பார்.

இங்கே தறியெல்லாம் ஓடுகிறது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இந்த வருஷம் மூச்சுவிட இடமில்லை. நீ இருந்த வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்தாயிற்று. அந்தப் பெண் போனில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கிறது. உன்னை வேலையை விட்டு நிறுத்திய முதலாளி, இப்போது தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் இல்லை என்று என்னிடமே வந்து புலம்புகிறார். நன்றாகப் புலம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சங்கக் கூட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ போன பிறகு எனக்குத் தெரியவந்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல மறுபடி அங்கே போகத்தான் வேண்டும்.

வேலைநிறுத்தம் ஒரு மாதம் தாண்டியதும் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி உயர்வு. அந்தத் தறிக்கு நூலைச் சுற்றித் தார் போட்டுக் கொடுக்கிற நமக்கு ஒன்றுமில்லை, பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஒப்பந்தம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர், அதாவது என் வீட்டுக்காரர், கேட்டார். முதலில் நீ தூக்கினாய். நான் தூக்கினேன். பேச்சித்தாய், முப்பிடாதியம்மாள் என்று பின்வரிசை முழுக்கத் தூக்கியது. சற்று நேரம் எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் அவர் சொன்னார்:

"பொம்பளையாளுக கையை இறக்குங்கம்மா. இது உறுப்பினர் கூட்டம்."

நம் கையை விட்டுவிட்டு எண்ணி ஒப்பந்தத்தை முடித்தார்கள். நம் சங்கத்து வழக்கம் அதுதானே. உறுப்பினர் அட்டை தறிக்காரனுக்கு. தார் சுற்றுகிறவள் அவன் அட்டையோடு சேர்ந்தவள். மறியலில் வெயிலில் உட்கார நாம் வேண்டும், போலீஸ் வேனில் ஏற நாம் வேண்டும், முடிவெடுக்க வேண்டாம். உன் வீட்டுக்காரர் சைஃபுல்லா அண்ணன் மவுத்தாகி அடக்கமான பிறகு உனக்கு ஒட்டிக்கொள்ள ஓர் அட்டைகூட இல்லை. கை தூக்கியதற்காக மறுவாரமே உனக்கு வேலை போனபோது எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாய். உறுப்பினர் இல்லையே, சங்கம் எப்படித் தலையிடும் என்று இவர் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டேன். சண்டை போடத்தான் வெளியே வந்தேன். அதற்குள் நீ தெருமுக்குத் திரும்பிவிட்டாய்.

முதலாளி கைகாட்டுகிற ஆள்தான் தலைவர் என்று இருந்ததை, அண்ணனும் இவரும் சேர்ந்துதானே மாற்றினார்கள்? நாட்டை ஆளுகிறவனையே ஆளுக்கு ஓர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், தறிக்கொட்டகைக்குள் மட்டும் நமக்கு வாய் கிடையாதா என்று இவர் பேசியதைக் கேட்டுத்தான் நான் இவரைக் கட்டிக்கொண்டேன். சிரிக்காதே, உண்மை.

போன மாதம் சோறு போடும்போது கேட்டுவிட்டேன், எங்கள் கையையும் எண்ணியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"எண்ணத்தான் செஞ்சேன். உங்களையும் சேத்தா ஒப்பந்தம் விழுந்திரும்னு தெரிஞ்சுது. அதுக்குப் பொறவுதான் இறக்கச் சொன்னேன்."

இன்னும் ஒரு வாரம் போனால் பசி தாங்காமல் ஆட்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், சங்கமே இருந்திருக்காது என்றார். அது பொய்யில்லை பானு. பட்டினி கிடந்த வீடுகள் எனக்கும் தெரியும். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவர் இப்படிச் செய்ததுதான் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது.

இன்று காலை மறுபடி கூட்டம். தார் சுற்றுகிறவர்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று அவரே தீர்மானம் வைத்தார். சைஃபுல்லா வீட்டுத் தங்கச்சிக்கு, அதாவது உனக்கு, அநியாயம் செய்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தறிக்கார மூக்காண்டி அண்ணாச்சி எழுந்து, உறுப்பினர்தான் முடிவெடுக்கணும்னு சொன்னது நீங்கள்தானே தலைவரே, உறுப்பினரையே கேளுங்கள் என்றார். கேட்டார்கள். நம்மைச் சேர்க்கலாமா என்று நம்மைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள். நாங்கள் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றோம். தீர்மானம் தோற்றுவிட்டது. பேச்சித்தாயின் மகன்கூட நமக்காகக் கை தூக்கவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இனி தனிச் சங்கம்தான் என்று பெண்கள் முடிவு பண்ணியிருக்கிறோம். நீதான் தலைவர் என்றார்கள். அவளைக் கேட்காமல் தேர்ந்தெடுத்தால் நாமும் அவர்களைப் போலத்தான் என்று நான் தடுத்துவிட்டேன். அதனால் நீ வந்து சரி என்றோ முடியாது என்றோ உன் வாயால் சொல்ல வேண்டும்.

இதை அவரிடமும் சொன்னேன். சங்கம் ரெண்டானால் முதலாளிதான் சிரிப்பான் என்றார். அதுவும் உண்மைதான். சொல்லிவிட்டு அழுதார். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இதை எழுதும்போது பக்கத்தில் வந்து நின்று யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். நான் கேட்டதாக எழுது என்றார். என்ன கேட்டதாக எழுத என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அல்லாஹ் உனக்கும் அப்ராவுக்கும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். கோமதியம்மனிடமும் உங்கள் பேரைச் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வந்துவிடு பானு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, அவருக்கு எதிரே நான் நிற்க வேண்டும். தனியாக என்னால் முடியாது.

உன்,
யோகலட்சுமி