பதினோராம் வீட்டுக்குப் போட்ட ‘ஆம்’

செவ்வாய்
காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி.
கொழும்பிலிருந்து புதுப் படிவம். ஒரு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள்: சுன்னத்து செய்ததா, இல்லையா. நாடு முழுக்க எத்தனை பேர் என்று பார்க்கிறார்களாம். என்னைக் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லுவேன். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவருக்கும் இல்லை, பள்ளிவாசல் இருக்கும் பள்ளி ரோட்டில் எல்லாருக்கும்.
லயத்துக்கு ஏறினேன். “அதெல்லாம் நமக்கெதுக்கு மிஸ்?” பையனை இடுப்பில் வைத்திருந்த ராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.
பள்ளி ரோட்டுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. கிளினிக்கிலேயே இருந்து பதினான்கு வீட்டுக்கும் ‘ஆம்’. இருபத்திரண்டு வருட மருத்துவமாது, எனக்குத் தெரியாததா?

புதன்
மழை. கிளினிக்குக்கு பஸ்மியா வந்தாள். பதினோராம் வீட்டு மருமகள். பிலிமத்தலாவையில் தாய் வீட்டில் பெற்று, போன வாரம்தான் வந்தவள். பிள்ளைக்கு முப்பத்தெட்டு நாள். அழுதபடி பம்பர்ஸைக் கழற்றினாள். மூத்திரத் துவாரம் நுனியில் இல்லை, கீழ்ப்பக்கம்.
“தோல வெட்ட வேணாம் எண்டு டொக்டர் சொன்ன மிஸ். பொறகு ஒப்பரேசனுக்கு அது வேணுமாம். மாமி நாப்பதுக்கு ஒஸ்தா மாமாவ வரச் சொல்லீக்கி.”
“சுன்னத்து செய்யவா? மாமிகிட்ட சொல்லலையா?”
“சொல்ல வேணாமாம் எங்கட வீட்டுக்காரர். ஏன் எண்டு கேட்டா கத்துற.”
சீ, வெட்கமாகப் போயிற்று. படிவத்தில் வெள்ளை பூசி ‘இல்லை’ போட்டேன். வெள்ளி வருகிறேன் என்றேன்.

வியாழன்
தெல்தோட்டையில் தடுப்பூசி. பஸ் இல்லை. குடைக் கம்பி முறிந்தது. மத்தியானச் சோறு புளித்துவிட்டது. நினைப்பெல்லாம் அந்த வீட்டில்.

வெள்ளி
ஒன்பது மணி. ஒஸ்தா மாமா பையோடு ஹோலில். மாமியாரைக் குசினிக்குள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.
“என்ட மகன், இந்தப் புள்ளட வாப்பாவுக்கும் இப்பிடித்தான். அண்டைக்கு ஒஸ்தா வேணாம் எண்டார். ஊர் என்ன சொல்லும் எண்டு நான்தான் வெட்டச் சொன்ன. பொறகு மூணு ஒப்பரேசன். தோல் பத்தாதாம். அவன் இப்பவும் என்ட முகம் பாத்துப் பேசுற இல்ல மிஸ்.”
படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
மாமியார் எழுந்து ஹோலுக்குப் போனார். “ஒஸ்தா, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க. புள்ளைக்கு ஒண்டும் செய்ய வேணாம்.” பிறகு பஸ்மியாவிடம், “அவனுக்குக் கோல் எடுங்க.”
மகன் எடுத்தான். “ஹலோ? பஸ்மியா? ஹலோ?”
“உம்மா பேசுற. புள்ளைக்கு வெட்டல்ல” என்றார் மாமியார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.