இருபத்துநாலாம் அதிகாரமும் ஒற்றை பூட்ஸும்

கர்த்தருக்குப் பயப்படுகிற, கூடப்பிறந்தவளுக்குப் பயப்படாத அண்ணனுக்கு,

தங்கை ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே இவர் நலம். அங்கே நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். நீ அதைப் படித்தாயா என்பதுதான் என் சந்தேகம்.

கழுத்தில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள், நீ பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். நீ பதில் போட்டாய். முதல் வரி, கலங்காதே, ஜெபிக்கிறோம். அதற்கப்புறம் நாலு பக்கத்துக்கு எங்கோ ஒரு தீவில் பூமியதிர்ச்சி, எங்கோ ஒரு எல்லையில் சண்டை, எங்கோ வெட்டுக்கிளி. எல்லாம் கடைசிக் காலத்தின் அடையாளம், தீர்க்கதரிசனம் நம் கண் முன்னால் நிறைவேறிக்கொண்டிருக்கிறது, இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு என்று முடித்திருந்தாய். நான் கட்டி என்று எழுதினால் நீ பூகம்பம் என்று எழுதுகிறாய். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

வாசித்தும் காட்டினேன், என் தலையெழுத்து. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவி, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "பூமியதிர்ச்சி அப்பவும் வந்துச்சு, இப்பவும் வருது. ஆண்டவர் சொன்னது அந்தத் தலைமுறைக்கு. எருசலேம்ல ஆலயம் இடிஞ்ச அன்னைக்கே எல்லாம் நிறைவேறியாச்சு. உங்க அண்ணனுக்கு எத்தனை தரம் சொல்றது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பிறகு உட்கார்ந்து உனக்குப் பதில் எழுதினார். மத்தேயு, தானியேல், வெளிப்படுத்தல் என்று எல்லாரும் அதில் இருக்கிறார்கள். என் கட்டி மட்டும் இல்லை. அதை இந்தக் கவரிலேயே வைத்து அனுப்பச் சொன்னார். நான் வைக்கவில்லை. தையல் மெஷின் டிராயரில் கிடக்கிறது. உங்கள் இருவருக்கும் நடுவில் ஓடுகிற தபால்காரி இன்றைக்கு வேலைநிறுத்தம் செய்கிறாள்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ பேசிக்கொண்டே போவாய், நான் வாய் திறப்பதற்குள் ஜெபம் பண்ணி வைத்துவிடுவாய். கடிதத்தில்தான் நீ குறுக்கே புக முடியாது.

எனக்கு வேதம் தெரியாது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு. பகல் முழுக்க நான் கடையில் திரைச்சீலை தைக்கிறேன். எருசலேம் ஆலயத்துத் திரைச்சீலை இரண்டாகக் கிழிந்ததற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டீர்களே, அப்போது நான் நினைத்ததெல்லாம் அதைத் தைத்தவர்களின் விரல்களைப் பற்றித்தான். அதற்காக எனக்கு ஒன்றும் தெரியாது என்று இல்லை. நீங்கள் கட்டிப் புரளுகிற மத்தேயு இருபத்துநாலாம் அதிகாரத்தை நானும் உட்கார்ந்து வாசித்தேன். யுத்தம், பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி எல்லாம் இருக்கிறது. அதற்கு நடுவில், அநேகருடைய அன்பு ஆறிப்போகும் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. நிறைவேறியதா இல்லையா என்று யாராவது என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது, அந்த ஒன்று என் வீட்டில் நிறைவேறிவிட்டது என்று சொல்வேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நீயும் இவரும் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பார். ஒரே கம்பெனி, ஒரே ஜோடி. லிஃப்ட் ரிப்பேர் என்று எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டாலும் நீ லிஃப்டின் கூரைமேல், இவர் மேலே மெஷின் ரூமில். என்னோடு வேலை செய்கிற பையன் ஒருத்தன் இருக்கிறான், தங்கமானவன் என்று இவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நீதான். உங்கள் வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் நீ "தண்ணி" என்பாய், இவர் "தண்ணி" என்று திருப்பிச் சொல்வார், நீ "சரி" என்பாய், அதற்கப்புறம்தான் சொம்பு நகரும். ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொல்லி, முதலில் சொன்னவன் சரி என்று சொன்னால்தான் லிஃப்ட் நகர வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இருக்க மாட்டான் என்று நீதான் எனக்கு விளக்கினாய். இது வீடா லிஃப்ட் குழியா என்று நான் திட்டுவேன். இப்போது அந்தச் சத்தம் இல்லை. நான் தண்ணீர் கேட்டால் இவர் பேசாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ திடீரென்று வேறு ஊர் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். கேட்டதற்கு, மாப்பிள்ளை வேதத்தைப் புரட்டுகிறார், அவரோடு இனிமேல் ஒத்துவராது என்று சொன்னாய். நம்பினேன். கொஞ்ச நாளில் இவரும் லிஃப்ட் வேலையை விட்டு உதிரிபாக கோடவுனுக்கு மாறிக்கொண்டார். கேட்டதற்கு, முட்டி வலி, படி ஏற முடியவில்லை என்று சொன்னார். அதையும் நம்பினேன். இரண்டு வருஷமாக நோகாத முட்டிக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன் அண்ணா. உங்கள் இருவருக்கும் வாய்த்த மாதிரி ஒரு முட்டாள் யாருக்கும் வாய்க்க மாட்டாள்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அறை நாலாவது மாடி. லிஃப்ட் வந்து நின்றது, நான் உள்ளே போய்விட்டேன். இவர் வெளியிலேயே நின்றார். கதவு நிலையில் உள்ளங்கையை வைத்தார், ஏதோ காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு "நீ போ, நான் படியில வர்றேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். படி ஏற முடியாத முட்டி! மேலே போய் நான் காத்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் இரண்டு பேருக்கு வழி விட்டேன், அப்புறம்தான் இவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நர்ஸ் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.

டாக்டர் நல்ல பெண்மணி. படம் வரைந்து காட்டினார். கட்டி, குரலுக்குப் போகிற நரம்பை ஒட்டிக்கொண்டு இருக்கிறதாம். எடுத்தே ஆக வேண்டும். எடுத்துப் பார்த்த பிறகுதான் அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும். எடுத்தபின் கொஞ்ச காலம் குரல் எழும்பாது, சிலருக்கு முன்பு மாதிரி திரும்பாமலும் போகலாம் என்றார். இவர் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. தானியேல் தீர்க்கதரிசி சொன்ன எழுபது வாரங்களைப் பற்றி அத்தனை கேள்வி கேட்கிற மனுஷன்!

இறங்கும்போது நானும் படியிலேயே இறங்கினேன், விடக்கூடாது என்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஜனங்கள் ஏறி இறங்குகிற படியில், இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயக்கமா என்று பயந்துபோனேன். தலையைக் குனிந்துகொண்டு, "மச்சான் சரி சொல்லல. நான் காத்திருக்கல. அழுத்திட்டேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினேன். நீ மாற்றல் வாங்கிப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் நீங்கள் இருவரும் லிஃப்ட் பார்த்த அந்தப் பழைய கட்டடம். கூரைமேல் இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி வேலை செய்யாததால் மேலேயிருந்து இவர்தான் ஓட்ட வேண்டியிருந்தது. நீ "மேலே" என்றாய். இவர் "மேலே" என்று திருப்பிச் சொன்னார். நீ சரி சொல்வதற்குப் பதிலாக, காலையில் பாதியில் விட்ட சண்டையைப் பிடித்துக்கொண்டாய். ஆலயம் இடிந்ததோடு எல்லாம் முடிந்தது என்றால் மனுஷகுமாரன் மேகத்தில் வந்ததை யார் பார்த்தார்கள் என்று குழிக்குள்ளிருந்து கத்தினாயாம். இவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் வராத கோபத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். லிஃப்ட் ஏறியது. நீ படுத்துவிட்டதால் பிழைத்தாய். உன் கால் சுவர்க் கம்பிக்கும் கூரைக்கும் நடுவில் மாட்டி, பூட்ஸ் மட்டும் பிய்ந்து குழிக்குள் விழுந்ததாம்.

அன்றைக்கு நீ ஒற்றைக் காலில் பூட்ஸோடு என் வீட்டுக்கு வந்தாய். அடிப்பாகம் கழன்றுவிட்டது என்று சொன்னாய். நான் சிரித்தேன். உன் பழைய செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்து, கடைசிக் காலம் வருகிறது என்கிறவன் ஒரு நல்ல பூட்ஸ் வாங்கக்கூடாதா என்று கேலி செய்து அனுப்பினேன். அதை நினைத்தால் எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நீ மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்கு வேலை போயிருக்கும். என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் இவரை எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்திருப்பாய். அது உன் நல்ல மனசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவரிடமும் ஒன்றும் சொல்லாமல் போனாயே, அது எந்த வேதத்தில் இருக்கிறது? ஒரு அறை விட்டிருந்தாலும் இந்த மனுஷன் தேறியிருப்பார். நீ ஒன்றும் சொல்லாததால், மச்சான் மன்னிக்கவில்லை என்று இவர் முடிவு கட்டிவிட்டார். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் எருசலேமைப் பற்றி எழுதுகிறார். நீ அதற்கு வெட்டுக்கிளியைப் பற்றி எழுதுகிறாய். இதை இரண்டு வருஷமாக நான் தபால்தலை ஒட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் படியிலேயே சொன்னார். நீ போனபின் இவரே குழிக்குள் இறங்கி அந்த பூட்ஸை எடுத்து, புது அடிப்பாகம் வைத்துத் தைத்து வாங்கி, டூல்ஸ் பையில் செய்தித்தாள் சுற்றி வைத்திருக்கிறார். அனுப்பத் தைரியமில்லையாம். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். இருக்கிறது. பாலிஷ்கூடப் போட்டிருக்கிறார்.

பாஸ்டரிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். நிறைவேறியதா இல்லையா என்று நீங்கள் இருவரும் அவரை நடுவராக உட்கார வைத்தபோது, அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் அவர். அவரால் ஆகாது. உன்னால்தான் ஆகும்.

ஆபரேஷன் அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை. காலையிலேயே உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். ஆறாவது மாடி. இவர் எப்படியும் படியில்தான் ஏறுவார். அண்ணிக்கு முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா, முடியாவிட்டால் நீ மட்டும் வா. அன்றைக்கு ஆண்டவர் வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே எதிர்கொண்டு போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வராவிட்டால் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் இவர் பக்கத்தில் உட்கார். அவர் உன் முகத்தைப் பார்க்க மாட்டார். எடுத்த எடுப்பில் தானியேலை ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும், நீயும் உன் பூகம்பங்களை எடுத்து விடு. இதுவரை உங்கள் நடுவில் நின்று இவர் சொன்னதை அங்கேயும் நீ சொன்னதை இங்கேயும் கத்திக்கொண்டிருந்தது நான். வியாழக்கிழமைக்கு அப்புறம் எனக்குக் கத்தக் குரல் இருக்குமா என்று டாக்டருக்கே தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இதைச் சொல்லத்தான் போன கடிதமும் எழுதினேன்.

சண்டைக்கு முன்னால் மட்டும் ஒன்று செய். அன்றைக்கு நீ சரி சொல்வதற்குள் இவர் அழுத்திவிட்டார். அன்றிலிருந்து இவர் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நீ சொல்லட்டும் என்று நின்றுகொண்டே இருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை இப்போதாவது அவரிடம் சொல்லிவிடு. என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன், என் காதில் விழுகிற மாதிரி சொல். ஆமென் சொல்ல எனக்குக் குரல் இருக்கும்போதே சொல்.

இப்படிக்கு,
இன்றுவரை சத்தமாகவே கத்துகிற
உன் தங்கை