உங்க அண்ணன் போட்ட ஊசி

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடுங்க. சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட.

சமாதானம் பேச உங்க அண்ணன் வருவார்னீங்க. வரட்டும். அவர் எனக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறப்போ, "மாமா, நான் டயாலிசிஸ்ல இருக்கேனே, படம் தெளிவாத் தெரியப் போடுற இந்த ஊசி எனக்குப் போடலாமா?"ன்னு கேட்டேன். "டாக்டர் நீயா, நானா?"ன்னு சிரிச்சுக்கிட்டே போட்டார். அந்த மருந்தை வெளியேத்த எனக்குக் கிட்னி ஏது? அது உடம்புலயே தங்கி, இன்னைக்கு என் தோல் பலகையா இறுகிக் கிடக்கு. முழங்கால் மடங்கல. பேனாவை உள்ளங்கையில இடுக்கிக்கிட்டு எழுதறேன். நுரையீரலும் இறுக ஆரம்பிச்சிடுச்சாம்.

"குடும்ப மானம், விட்டுடு"ன்னு நேத்து கத்தினீங்க. விடமாட்டேன். தங்கச்சி என்னைத் தாங்கிப் பிடிச்சு மருத்துவக் கவுன்சில்ல புகார் கொடுக்கக் கூட்டிட்டுப் போறா. அவர் வாசல்ல தொங்குற டாக்டர் போர்டைக் கழட்ட வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். வந்தா உட்கார வைங்க. நான் எங்கேன்னு கேட்டா ஒளிக்காம சொல்லுங்க, வேர்க்கட்டும்.

உங்க பிரஷர் மாத்திரை ஜன்னல் ஓரமா இருக்கு. கோவத்துல போடாம இருக்காதீங்க.

இன்னொண்ணு. அவர் அழுது மன்னிப்புக் கேட்டார்னா என்கிட்ட வந்து சொல்லாதீங்க. எனக்கு மனசு இளகிடும்.