பெயர்த் தகடுகளை வெட்டியது நான்தான்

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், உடம்புக்கு முடியாத ஆளால் போனில் அப்படிக் கத்த முடியாது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இனி சண்டைக்கு வருகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். ஆமாம், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற உன் காட்டில் பெயர்த் தகடுகளை வெட்டி எடுத்தது நான்தான். மருந்துக்கடைக்காரர் படம் பிடித்து உனக்கு அனுப்பினாராம், வேலை வெட்டி இல்லாத மனுஷன். படத்தில் இருக்கிற வழுக்கைத் தலை என்னுடையதுதான், கையில் இருக்கிற கட்டிங் பிளேயரும் என்னுடையதுதான். அடுத்த மாதம் உன் அலுவலக ஆட்களை அழைத்துக்கொண்டு வருகிறாயாம், அதற்குள் நானூறு தகட்டையும் பழையபடி கட்டிவிட வேண்டுமாம். கட்ட மாட்டேன். பெற்ற அப்பனுக்கு உத்தரவு போடுகிற அளவுக்கு நீ இன்னும் வளரவில்லை.

அந்த இடம் எப்படிக் கிடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இடித்த கட்டடத்துக் கான்கிரீட்டும் கண்ணாடித் துண்டும், நாய்கூடப் படுக்காது. அவ்வளவு தூரத்தில் இருந்தபடியே மனு மேல் மனு போட்டு அனுமதி வாங்கியது நீதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடுப்பளவு தோண்டி, கல்லைப் பொறுக்கி, மக்கிய உரம் கலந்து, நெருக்கி நெருக்கி நட்டவர்கள் இங்கே இருக்கிறவர்கள், சந்தேகமிருந்தால் என் முதுகைக் கேள். நட்டு முடித்ததும், ஒவ்வொரு செடிக்கும் ஓர் ஆளின் பெயரைக் கட்டினால் ஆளுக்கொன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று அங்கே உட்கார்ந்து யோசித்து, தகடு அடித்து அனுப்பினாயே, அன்றைக்குத்தான் பிடித்தது வினை. கட்டியது நான், அதையும் ஒளிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் வயரிங் வேலை பார்த்த கை. மீந்து கிடந்த செம்புக் கம்பியை எடுத்து, வயர் ஜாயின்ட் போடுகிற மாதிரி இறுக்கி முறுக்கிவிட்டேன். என் முறுக்கு அவிழாது என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவன் அல்லவா. செடி பருக்கும் என்கிற புத்தி எனக்கும் இல்லை, தண்டைச் சுற்றிக் கட்டச் சொன்ன உனக்கும் இல்லை. இரண்டே வருஷத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. பதினெட்டு செடிகள் நின்ற நிலையிலேயே செத்தன. கொன்றது என் கை. போதுமா?

தளர்த்திக் கட்டியிருக்கலாமே என்று உடனே கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. வினை கம்பியில் மட்டும் இல்லை, பெயரிலும் இருந்தது. போன கோடையில் ஒரு சாயங்காலம் மாடி வீட்டு டீச்சர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தன் செடிக்கு ஊற்றினார். பக்கத்திலேயே ஓர் அத்திக்கன்று இலை சுருண்டு நின்றது. வாளியில் பாதி மிச்சம், அதையும் தன் செடிக்கே ஊற்றினார். இதற்கும் கொஞ்சம் ஊற்றக் கூடாதா என்றேன். ‘அது லாரி டிரைவரோடதுங்க, அவரு வந்து ஊத்துவாரு’ என்றார். லாரி டிரைவர் வீடு மாற்றிக்கொண்டு போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த வாரமே கன்று போய்விட்டது. உன் அலுவலகத்துப் பெயர்கள் கட்டிய எழுபது செடிகளில் பாதி இப்படித்தான் காய்ந்தது, பெயர் இங்கே, ஆள் அங்கே, யார் ஊற்றுவது? காடு என்று சொல்லி ஆளுக்கொரு பூந்தொட்டி வைத்துக் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் வெட்டிச் சாக்கில் போட்டேன், சாக்கு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மறுநாள் தெருவே திட்டியது. ‘என் செடி எதுன்னு காட்டுங்க’ என்று மருந்துக்கடைக்காரர் சட்டையைப் பிடிக்காத குறை. மறந்துவிட்டது என்றேன். மூன்று நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் அவரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரப்பர் குழாயை இழுத்து வந்து ஒரு வரிசை முழுக்க ஊற்றினார், தன் செடி அதில் எங்கேயாவது இருக்குமே. இப்போது டீச்சரும் அப்படித்தான். ஒரு மாதமாக ஒரு செடிகூடச் சாகவில்லை. உன் ஆட்கள் தங்கள் பெயரைப் பார்க்கத்தான் விமானம் ஏறி வருகிறார்கள் என்றால், மாடிப்படிக்கு அடியில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. உன் பெயர் கட்டிய செடி வேலியோரம் மூன்றாவது. இரண்டு வருஷமும் என் முதல் வாளி அதற்குத்தான், மிச்சம் இருந்தால்தான் மற்றதற்கு. அத்திக்கன்று செத்த அன்றும் உன் செடியின் காலடி ஈரமாக இருந்தது. அதனால் முதலில் வெட்டியது உன் தகட்டைத்தான். எல்லாருடைய செடியையும் மறந்துவிட்டேன், உன்னுடையது மட்டும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது. அந்த வரிசையை டீச்சரிடம் விட்டுவிட்டு நான் எதிர்ப்பக்கம் போய் ஊற்றுகிறேன்.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, கோபம் ஆறியிருந்தால் உனக்கும். வரும்போது அம்மாவின் கால் வலித் தைலத்தை மறக்காதே. இன்னொன்று, வந்ததும் உன் செடி எது என்று என்னிடம் கேட்காதே. கேட்டால் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா