இருபதாவது பல்

ஜூன் 6

எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். எண்பது வயதில் இருபது சொந்தப் பல் உள்ளவர்களுக்கு நகராட்சி கொடுக்கும் பாராட்டுப் பத்திரத்தின் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். என் வாயில் இருபது பல் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து விரலால் தொட்டு மூன்று முறை எண்ணினேன்.

பரிசோதித்தது மியோஷி என்ற பல் மருத்துவர். முப்பது வயதுகூட இருக்காது. கீழே வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்து, "தாத்தா, இதோட வேர்ல சீழ் புடிச்சிருக்கு. சீக்கிரம் எடுத்துடணும். இதைக் கணக்குல சேர்க்க முடியாது" என்றாள். தாத்தாவாம். நாற்பத்தொரு வருடம் இந்த ஊர்ப் பேருந்தை ஓட்டியவன் நான். அரிமுரா என்று எனக்குப் பெயர் இல்லையா?

எனக்குப் பின்னால் வரிசையில் குராமோச்சி. அவனுக்கு இருபத்து மூன்று! "ஒண்ணுதானே குறையுது, விடுடா அரி" என்று தோளில் தட்டினான். பதினைந்து வயதில் நான் பணிமனையில் சக்கரம் கழுவிக்கொண்டிருந்தபோது, உயர்நிலைப் பள்ளித் தொப்பியோடு அதே பேருந்தில் ஏறியவன். அன்றும் இப்படித்தான் சிரித்தான்.

ஜூன் 9

நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம்.

ஜூன் 24

பதில் வந்தது. அக்டோபர் 10 அன்று வேறு மருத்துவர் மறுபடி பார்ப்பாராம். இருபது இருந்தால் நவம்பர் விழாவில் என் பெயரும் உண்டு. அதுவரை இந்தப் பல்லை எவனும் தொடக் கூடாது.

ஜூலை 13

ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீர். ஊறுகாய் பிளம் பழத்தைப் பிய்த்து ஈறில் ஒதுக்கி வைத்தேன். கசப்பாக ஏதோ வடிந்தது, பிறகு வலி போய்விட்டது. நூலகத்தில் பல்லைப் பற்றி மூன்று புத்தகம் படித்திருக்கிறேன். வலி இல்லை என்றால் நோய் இல்லை.

(இது பிறகு சேர்த்தது: அப்படி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.)

ஆகஸ்ட் 7

மட்டையால் பந்தை வளையத்துக்குள் தட்டும் கேட்பால் விளையாட்டு மைதானத்தில் குராமோச்சி அரிசி வறுவல் தின்கிறான். பந்து அடிக்க ஒவ்வொருவர் முறை வரும்போதும் அவன் வாயிலிருந்து கடக், முடக். வேண்டுமென்றே செய்கிறான். "ஒண்ணு எடுத்துக்கோடா." எடுத்துக்கொண்டேன். இடது பக்கமாகவே மென்று தின்று முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 21

சர்க்கரை ஏறியிருக்கிறது. ஆறு வருடமாக ஒரே அளவில் நின்றது. சர்க்கரை மருத்துவருக்கே ஆச்சரியம். "வேற எதாவது தொந்தரவு இருக்கா? பல், ஈறு?" என்றார். "இருபது பல்லு இருக்கு சார்" என்றேன். அவர் கேட்டது அதுவா? நான் சொன்னது பொய்யா? பொய் இல்லை.

வீட்டில் மருமகள் சனாயேவிடம், உன் குழம்பில் இனிப்பு அதிகம் என்று கத்தினேன். பாவம், பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

செப்டம்பர் 16

முதியோர் தினம். நகராட்சிச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் குராமோச்சியின் படம், பல்லெல்லாம் தெரிய. அதன் மேல் தேநீர்க் குவளையை வைத்தேன்.

செப்டம்பர் 25

சாயங்காலமானால் குளிர்கிறது. ராத்திரி வேர்வையில் பனியன் நனைகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்கிறாள் சனாயே. போனால் வாயைத் திறக்கச் சொல்வார்கள். இன்னும் பதினைந்தே நாள்.

அக்டோபர் 4

கேட்பால் மைதானத்தில் மட்டையை எடுத்தேன். உடம்பு தூக்கிப் போட்டது, பல்லோடு பல் அடித்தது. அதற்குமேல் நினைவில்லை.

(இதைப் பிறகு எழுதுகிறேன். என்னை முதுகில் சுமந்து காருக்கு ஓடியவன் குராமோச்சியாம். எண்பது வயதில்! அதற்கும் தெம்பு அவனுக்குத்தான் இருக்கிறது.)

அக்டோபர் 12

ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். பல் பரிசோதனை நாள் போய்விட்டது.

பல்லின் சீழிலிருந்த கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போயிருக்கிறது. என் இதய வால்வு ஒன்று முன்பே சரியாக மூடாதாம். அதில் போய் ஒட்டிக்கொண்டதாம். ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். சர்க்கரை ஏறியதும் அந்தச் சீழால்தான் இருக்கும் என்கிறார் இங்குள்ள மருத்துவர். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். சனாயே அழுதாள். அவள் குழம்பின் மேல் குற்றமே இல்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

அக்டோபர் 18

பிடுங்கிவிட்டார்கள். பத்தொன்பது.

நவம்பர் 8

விழா முடிந்து, கோட்டும் டையுமாக நேராக என் கட்டிலுக்கு வந்தான் குராமோச்சி. பத்திரத்தைக் காட்டவில்லை. நான்தான் கேட்டேன். பையிலிருந்து எடுத்தான். நல்ல கெட்டித் தாள்.

"உனக்கு எப்படிடா இருபத்து மூணு?" என்று கேட்டேவிட்டேன்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை மியோஷிகிட்ட போய் வாயைப் பொளந்துட்டு உக்காருவேன். நீ எண்ணிக்கிட்டே இருந்தே. நான் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். அவ்ளோதான்."

"பெரிய படிப்பாளி!"

"ஆமாண்டா. இந்தா, பால் புட்டிங். கடிக்க வேண்டாம், முழுங்கு."

முழுங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அவன் மேல் எரிச்சல் இன்னும் தீரவில்லை.

இனி நடக்க வேண்டியவை. நகராட்சி பல்லை எண்ணுவதோடு நிற்காமல், ஈறையும் வேரையும் பார்த்துப் பத்திரம் கொடுக்க வேண்டும்; பல்லைப் பிடுங்கிக்கொண்டு உயிர் பிழைத்தவனுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். மனு எழுதிவிட்டேன், ஆறு பக்கம். சனாயே அதைத் தபாலில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் குழம்பைப் பற்றி நான் அவளிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மருத்துவர் கேள்வி கேட்பதோடு விடாமல் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். நான் திறக்க வேண்டும். மியோஷி மீதிப் பத்தொன்பதையும் பார்க்க வேண்டும், 'அரிமுரா ஐயா' என்று கூப்பிட்டுத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போகும்போது குராமோச்சி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நான் கேட்க மாட்டேன். அவனேதான் கூப்பிட வேண்டும்.